கண்ணகை வீட்டு வட்டா

நல்லரத்தினம் சேர் ஒரு வேலையைப் பொறுப்பெடுத்தால் அதில் ஓட்டை இருக்காது என்று கல்லடியில் சொல்லுவார்கள். கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவர். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் எந்த வாசலால் இறங்குவார், எங்கே கை கழுவுவார், மாலையை யார் போடுவது, மழை வந்தால் குடை யார் கையில் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு அந்தத் தலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. உப்புப் போத்தலை எந்தத் தட்டில் வைப்பது என்று மனைவி அன்னப்பூரணிக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க விடியக் காலத்தால கடற்கரையில போய் நடங்க" என்று அன்னப்பூரணி அவரைத் துரத்திவிட்டார். காலை நடைக் கூட்டம் நல்லரத்தினத்துக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நல்ல கூட்டம். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற காத்தான்குடி மஜீட் அதில் இருந்தார். பள்ளிக்கூட அதிபராக இருந்த மங்கையற்கரசி மிஸ் இருந்தார். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், பழைய பழக்கம். இன்னும் மூன்று நான்கு பேர், எல்லாரும் பென்சன்காரர்கள். நடப்பது கொஞ்சம், இருந்து தேத்தண்ணி குடிப்பது அதிகம்.

ஒருநாள் மஜீட், வெளிநாட்டில் இருக்கும் தன் மகன் சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து ஆற்று வழியே ஊர் ஊராகப் போன கதையைச் சொன்னார். "நமக்கு வீட்டு வாசல்ல கடல் மாதிரி ஆறு கிடக்கு. நாம பாலத்தில நிண்டு பாத்ததோட சரி" என்றார். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மட்டக்களப்பில் அது ஆறுதான். எல்லாருடைய முகமும் நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பியது.

"சேர், நீங்கதான் திட்டம் போட்டுத் தரணும்."

அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனார்.

பாசிக்குடாவில் வெள்ளைக்காரரைப் பாய்ப்படகில் ஏற்றி ஓட்டும் றிஸான் என்ற இளைஞனைப் பிடித்தார். மாரி காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையில் சும்மா கிடக்கும். அதில் இரண்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆற்றில் இறக்கலாம் என்று அவன் சொன்னான். பொங்கல் முடிந்த கையோடு பயணம். பாய்மரம் பாலத்துக்குக் கீழே போகாது என்பதால் மண்முனைப் பாலத்துக்குத் தெற்கே ஏறுவது, வாடைக்காற்று முதுகில் தள்ள, ஆற்றோடு தெற்கே போவது, குருக்கள்மடத்தில் தேத்தண்ணி, இரவுக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு தங்குமிடம். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று மங்கையற்கரசி மிஸ் முதல் கேள்வியாகக் கேட்டார். தேத்தண்ணிக்கு இறங்கும் இடத்தில் தெரிந்த ஆசிரியர் வீடு என்று பதில் ரெடியாக இருந்தது. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆற்றை வரைந்து, துறைகளைக் குறித்து, படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார். எல்லாரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள்.

மஜீட் மட்டும் மறுநாள் நடையில் கேட்டார். "கிழக்குக் கரையில ஊர் பேரெல்லாம் எழுதி வெச்சிரிக்கிங்க. படுவான்கரைப் பக்கம் வெறும் தாளாக் கிடக்கே. அங்க ஒண்டும் இல்லையா?"

"அங்க என்ன இரிக்கி, சேர்? கண்டல் பத்தையும் நுளம்பும்தான்."

சொல்லும்போதே அவருக்குக் காது சூடாகியது. ஏனென்றால் அந்த வெறும் தாளில்தான் அவர் பிறந்தார்.

ஊரின் பெயர் கண்டலடி. ஆற்றின் மேற்குக் கரையில், சூரியன் விழும் பக்கத்தில், ஐம்பது அறுபது வீடுகள் கொண்ட சின்ன ஊர். சின்ன வயதில் தோணியில் ஆற்றைக் கடந்து, செட்டிபாளையத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தார். கச்சேரியில் சேர்ந்த முதல் வாரம், படுவான்கரையிலிருந்து மனுக்கொடுக்க வந்த ஒருவரின் பேச்சை அலுவலகத்தில் ஒருவன் நடித்துக் காட்ட, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, நடித்தவனே "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டான். "செட்டிபாளையம்" என்று நல்லரத்தினத்தின் வாயில் வந்துவிட்டது. அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்ற முடியவில்லை. பென்சன் வரைக்கும் அதுவே அவருடைய ஊராகிவிட்டது.

மட்டக்களப்பு முறைப்படி தாய்வீடு மகளுக்கு. கண்டலடி வீடு தங்கை கண்ணகைக்குப் போனது. அவர் கலியாணம் முடித்து அன்னப்பூரணியின் வீட்டுக்குக் கல்லடிக்கு வந்தார். கண்ணகையின் புருசன் சாமித்தம்பி ஆற்றில் நண்டு வலை போடுகிறவன். தொடக்கத்தில் ஒருநாள் கண்ணகை பன் புல்லில் இழைத்த உமல் பையில் உயிர் நண்டு கட்டிக்கொண்டு கச்சேரிக்கு வந்தாள். அவர் வாசலுக்கே ஓடிவந்து, உமலை வாங்கி, சுகம் விசாரித்து, அங்கிருந்தே பஸ் ஏற்றிவிட்டார். அவள் கெட்டிக்காரி. அதற்குப் பிறகு கச்சேரிப் பக்கம் வரவில்லை. நல்லது கெட்டதுக்கு அவர் போவார். கடைசியாகப் போனது அவளுடைய மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு. பந்தலில் இருந்து சாப்பிட்டுவிட்டு, இருட்ட முன்னம் பாலத்தைத் தாண்டிவிட்டார். அதுவும் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தங்கையை நினைத்தால் அவருக்கு நெஞ்சு இளகும். அவள் நாலு பேருக்கு முன்னால் வந்து நிற்பதை நினைத்தால்தான் உடம்பு கூசும். அப்படிக் கூசுவதை நினைத்து இன்னும் கூசும்.

"கண்ணகை வீட்டடியாலதானே போறிங்க" என்றார் அன்னப்பூரணி. படகில் தலை சுற்றும் என்று அவர் பயணத்துக்கு வரவில்லை. "ஒருக்கா ஏறிட்டுப் போங்களன். சந்தோசப்படுவா."

"புரோகிறாமில இடமில்ல."

"கூடப் பொறந்தவளுக்கு இடமில்லாத புரோகிறாம்" என்று சொல்லிவிட்டு அவர் மிளகாய் வறுக்கப் போனார்.

ஆற்றின் ஆழமான ஓட்டம் கண்டலடித் துறையை ஒட்டித்தான் போகிறது. அந்த வழியே போனால் படகுக்கும் கண்ணகையின் வேலிக்கும் இடையில் ஒரு கல்லெறி தூரம்கூட இருக்காது. ஆகையால் நல்லரத்தினம் கலண்டர் தாளில் கோட்டை வளைத்து, ஆற்றின் நடுவில் கண்டல் மரங்கள் மண்டிய திட்டுக்குக் கிழக்கே கொண்டுபோனார். றிஸான் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்தப் பக்கம் மேடு எண்டு சொல்றாங்களே, சேர்?"

"ஆறு நிரம்பி இரிக்கி, தம்பி. தாண்டலாம்."

அப்போது உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தது. ஆனால் பொங்கலோடு மழை பிடித்தது. படுவான்கரை வயல் வட்டைகளில் கதிர் பிடிக்கும் குடலைப் பருவத்து நெல் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. ஆற்றை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கச்சேரி வாசலில் நின்றார்கள். மாரியில் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி ஆற்றுத் தண்ணீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். வெட்டினால் வாவி முழுக்கத் தண்ணீர் மளமளவென்று இறங்கும். வயல் தப்பும், ஆற்றில் நேற்று தோணி போன இடத்தில் இன்று கொக்கு நிற்கும். இது மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும். வெட்டச் சொல்லும் கடிதங்களைத் தட்டச்சில் அடித்தே காலம் கழித்த நல்லரத்தினத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பயணத்துக்கு முதல்நாள் காலை, கச்சேரியில் இருக்கும் பழைய சிநேகிதர் போன் பண்ணினார். "முகத்துவாரம் வெட்டியாச்சு, சேர்."

நல்லரத்தினம் கலண்டர் தாளை எடுத்துப் பார்த்தார். ஒரு கோட்டை அழித்துக் கொஞ்சம் மேற்கே கீறினால் முடிந்தது. பென்சிலும் கையில் இருந்தது. தெற்கே தண்ணீர் இறங்க எப்படியும் இரண்டு நாள் செல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மடித்தார்.

விடிய ஏறினார்கள். மழை விட்டு வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. பாய் விரிந்து காற்று பிடித்ததும் மங்கையற்கரசி மிஸ் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். மஜீட் இரண்டாவது படகிலிருந்து கையசைத்துப் பாட்டுப் பாடினார். குரல் மகா மோசம். நல்லரத்தினம் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக முன்னால் நின்று, அது இன்ன கோயில், இது இன்ன துறை என்று காட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணி சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் கிடைத்தது. கழிப்பறையும் கிடைத்தது. "சேர், உங்கள அடிக்க ஆளில்ல" என்றார்கள்.

கண்டல் திட்டு வந்தது. கோட்டில் உள்ளபடி கிழக்கே திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், அடியில் ஏதோ பிடித்து இழுத்த மாதிரிப் படகு நின்றது. பின்னால் வந்த படகும் பக்கத்தில் வந்து தட்டி நின்றது. றிஸான் துடுப்பைக் குத்திப் பார்த்தான், சேறு. பாயை இறக்கினார்கள், தள்ளினார்கள், ஆட்டினார்கள். அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே தண்ணீர் வற்றி, சுற்றிவரக் கறுப்புச் சேறு முதுகு காட்டியது. காற்றும் விழுந்துவிட்டது. வெயில் ஏறியது. மங்கையற்கரசி மிஸ் மெதுவாக, "அடுத்த வசதி எங்க, சேர்?" என்று கேட்டார். நல்லரத்தினம் கலண்டர் தாளை விரித்தார்; அடுத்த வசதி களுவாஞ்சிக்குடியில்தான் இருந்தது.

மேற்கே, திட்டின் நுனிக்கு அப்பால், கண்டலடித் துறை தெரிந்தது. ஆற்றில் பாய் விரித்த படகுகளைக் கண்டு ஊர்ச்சனம் ஏற்கெனவே கரையில் கூடியிருந்தது. மூன்று தோணிகள் கம்பூன்றிப் புறப்பட்டன. முன் தோணியில் நின்று கம்பூன்றியது ஒரு பெண். பாதி வழியில் அவள் கம்பை நிறுத்தி, நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கையைக் குத்திக்கொண்டு ஒரு காலில் சாய்ந்து நிற்பது அவர்களுடைய அப்பாவின் நிலை. நல்லரத்தினத்தின் நிலையும் அதுதான்.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம். "அண்ணேய்!"

"ஆர் சேர் அது?" என்று கேட்டார் மஜீட். "உங்களத்தான் கூப்பிடுறாப் போல."

அந்த நேரத்தில், "என் தங்கச்சி" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நல்லரத்தினத்துக்கு அது தெரியாமல் இல்லை. வாய்தான் பழைய வழியில் போயிற்று.

"இந்தப் பக்கத்துச் சனம் ஆரக் கண்டாலும் அண்ணன் எண்டுதான் கூப்பிடும், சேர்" என்றார். வெயிலின் எரிச்சலில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார்.

காற்றில்லாத ஆற்றில் பேச்சு வெகுதூரம் போகும். ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோணியில் கம்பு தண்ணீரில் விழுந்த சத்தம் ஒருமுறை பிசகியது. பிறகு பழையபடி வந்தது.

தோணி பக்கத்தில் வந்து நின்றது. கண்ணகை மங்கையற்கரசி மிஸ்ஸுக்குக் கை கொடுத்து இறக்கினாள். மஜீட்டை இறக்கினாள். அவருக்கும் கை நீட்டினாள். "பாத்து இறங்குங்க, ஐயா. சேறு வழுக்கும்."

ஐயா என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுடைய உள்ளங்கை காய்ப்புப் பிடித்து மரம் போல இருந்தது. நல்லரத்தினம் தோணியின் குறுக்குப் பலகையில் இருந்து, கரை வரும்வரை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகப் பின்னேரம் நம்மட ஆக்கள் எல்லாருமாச் சேந்து ஓட்டத்துக்குத் தள்ளித் தருவாங்க" என்றாள் கண்ணகை எல்லாருக்கும் பொதுவாக. "அதுவரைக்கும் வெயிலுக்குள்ள என்னத்துக்கு? நம்மட வீட்ட வாங்க. ஆத்துச் சாமான், நண்டு இறால் கிடக்கு, சமைக்கிறன்."

கிணற்றடியில் எல்லாருடைய காலுக்கும் அவளே தண்ணீர் ஊற்றினாள். கழிப்பறை பளிச்சென்று இருந்தது. புதுச் சவர்க்காரம் உடைத்து வைத்திருந்தாள். சாமித்தம்பி அயல் வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து விறாந்தையில் போட்டான். மச்சானைக் கண்டு சிரிக்கப் போனவன், கண்ணகையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

நல்லரத்தினம் விறாந்தையில் ஏறியதும் கண்டது சுவரைத்தான். அம்மாவின் படம். அதற்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாக, நல்லரத்தினமும் அன்னப்பூரணியும். பிளாஸ்டிக் பூச்சரம் போட்டு, தூசு துடைத்து வைத்திருந்தது. அவர் அந்தப் படத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு அதை மறைத்துக்கொண்டு இருக்கப் பார்த்தார். படம் உயரத்தில் இருந்தது. செம்பில் தண்ணீரோடு வந்த கண்ணகை அதைக் கவனித்தாள். தோளில் கிடந்த துவாயை எடுத்து, காயப்போடுகிறவள் போல, கலியாணப் படத்தின் ஆணியில் தொங்கவிட்டுவிட்டுப் போனாள்.

அவருக்கு எழும்பி ஆற்றில் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆற்றிலும் தண்ணீர் இல்லை.

சிவப்பரிசிச் சோறும் நண்டுக் குழம்பும், இறால் பொரியலும், முருங்கை இலைச் சுண்டலும் வந்தன. மஜீட் நண்டுக்கால் ஒவ்வொன்றாக உடைத்து உறிஞ்சிக்கொண்டு, "இது உங்கட புரோகிறாமில இல்லாத சாப்பாடு, சேர்" என்றார். நல்லரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாவின் குழம்பு. கொறுக்காய்ப் புளி ஒரு பிடி கூடுதல்.

மங்கையற்கரசி மிஸ் சாப்பிட்டுக்கொண்டே கண்ணகையிடம் குடும்பம் விசாரித்தார். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள். பிறகு, "உனக்குக் கூடப் பொறந்த ஆக்கள் இரிக்காங்களா, புள்ள?" என்று கேட்டார்.

"ஒரு அண்ணன் இரிக்கார், மிஸ்" என்றாள் கண்ணகை. "டவுணில. பெரிய படிப்பு, பெரிய வேல. நம்மட ஊரில மொதல் கச்சேரிக்குப் போனவரு அவர்தான்." சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "அவருக்கு வரத்தான் நேரம் கிடைக்கிறல்ல."

அதை அவள் குத்திச் சொல்லவில்லை. பெருமையோடுதான் சொன்னாள். குத்தியிருந்தால் நல்லரத்தினம் தாங்கியிருப்பார்.

சாப்பாடு முடிந்து வட்டா வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடானதும் பித்தளை வட்டாவில் வெற்றிலை வைத்து இரண்டு கையாலும் நீட்டுவது அங்கே முறை. வந்தவர்களுக்கு மட்டும்தான். வீட்டு மனிதருக்கு வட்டா நீட்டுவதில்லை. நீட்டினால் நீ இந்த வீட்டான் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். அம்மாவின் வட்டா அது. சின்ன வயதில் கலியாணம் காட்சி வந்தால் புளியும் சாம்பலும் போட்டு அதை மினுக்குவது நல்லரத்தினத்தின் வேலை.

மங்கையற்கரசி மிஸ் வெற்றிலை எடுத்தார். மஜீட் ஒரு துண்டுப் பாக்கு எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். கண்ணகை அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தலையைக் கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் வட்டாவை நீட்டினாள்.

"எடுங்க, ஐயா."

நல்லரத்தினம் கையை நீட்டினார். கை வட்டாவின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

"கண்ணகை" என்றார். "எனக்கேன்கா வட்டா வைக்கிறாய்?" பிறகு மற்றவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "இவ என்ட தங்கச்சி. கூடப் பொறந்த தங்கச்சி. இது நான் பொறந்த வீடு."

மஜீட் பாக்கைக் கையில் உருட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மங்கையற்கரசி மிஸ்தான் வாய் திறந்தார். அதிபர் குரலில் இல்லை, மிக மெதுவாக.

"துவாய் போட முதலே படத்தப் பாத்திட்டம், சேர். முடி மட்டும்தான் வித்தியாசம்."

அப்படியென்றால் இவ்வளவு நேரமும், கால் கழுவி, சோறு தின்று, குடும்பம் விசாரித்தது எல்லாமே எல்லாரும் தெரிந்துகொண்டு அவருக்காக நடித்தது. நல்லரத்தினத்துக்கு முகம் பற்றி எரிந்தது. வெட்கம் என்றால் இதுதான் என்று அந்த வயதில் அவருக்குத் தெரிந்தது.

கண்ணகை வட்டாவைப் பின்னுக்கு எடுத்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது; ஆனால் முகம் இளகிவிட்டது. அவ்வளவு சுலபமாக இளகக்கூடிய முகத்தைத்தான் அவர் இத்தனை வருடம் சுற்றிக்கொண்டு போனார்.

"வீட்டாக்களுக்கு ஆரு வட்டா வைப்பாங்க?" என்றாள். "வெத்தில குசினிக்குள்ள இரிக்கி, அண்ணே. நீங்களே போய் எடுத்துப் போடுங்க."

நல்லரத்தினம் எழுந்தார். பிறந்த வீட்டுக்குள் ஒரு மகன் போகிறது போல, நிமிர்ந்து, நேரே உள்ளே நடந்தார். இடப்பக்கம் திரும்பி, குசினிக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரு கட்டிலும் தையல் மிசினும், மடித்து வைத்த உடுப்புகளும் இருந்தன. அடுப்பு இல்லை. புகை பிடித்த சுவரும் இல்லை; பச்சை நிறத்தில் பூசிய பூச்சும் பழசாகிவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே கதவே இல்லை.

திரும்பி விறாந்தை வாசலுக்கு வந்து நின்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணகை" என்றார் நல்லரத்தினம். "குசினி எந்தப் பக்கம்?"